வெட்டி எறியுற பகுதியில் ஒரே ஒரு எழுத்துப் பிழை

1/ நம்ம ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி. காயத்துக்குக் கட்டுற பேண்டேஜ் துணி நெய்யுற ஊர். குறி மாறினா வெட்டு மாறும், துணி வீண். மரபணுவிலும் இதே கதைதான். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

2/ 1977 வரை, மரபணுன்னா இடைவெளி இல்லாத ஒரே வாக்கியம்னு நினைச்சாங்க. பாக்டீரியாவில் அப்படித்தான் இருந்தது. புரதம் செய்யாத டிஎன்ஏவை 1972லேயே 'குப்பை' என்று எழுதியிருந்தார் சுசுமு ஓனோ.

3/ 1977ல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவர் குழுக்களும் தனித்தனியா அடினோவைரஸை ஆராய்ஞ்சாங்க. அதன் ஆர்என்ஏவை டிஎன்ஏவோட ஒட்டவச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தா, நடுநடுவே டிஎன்ஏ ஒட்டாம வளையமா நின்னுச்சு. அது ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்பட்ட பகுதி! 1978ல் வால்டர் கில்பர்ட் அதுக்கு 'இன்ட்ரான்'னு பேர் வச்சார். 1993ல் ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் நோபல்.

4/ நம்ம செல்லும் இதையேதான் செய்யுது. உட்கருவில் முதலில் முழு நகல். பிறகு இன்ட்ரான்களை வெட்டி, மிச்சத்தை ஒட்டி வெளியே அனுப்பும். ரத்தத்தின் பீட்டா குளோபின் மரபணுவில் இப்படி 2 இன்ட்ரான்கள்: ஒன்று 130 எழுத்து, இன்னொன்று சுமார் 850. எங்கே வெட்டணும்னு சொல்ற குறி, இன்ட்ரானின் தொடக்க எழுத்துகளிலேயே இருக்கு.

5/ இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிக அதிகமா காரணமான பிழை எங்கே தெரியுமா? முதல் இன்ட்ரானின் 5வது எழுத்தில். 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'சி'. புரதத்துக்கான எழுத்துகள் அத்தனையும் சரி. ஆனா குறி மங்கிப்போச்சு, கத்தரி பக்கத்துல வேற இடத்துல விழுது. சரியா ஒட்டின ஆர்என்ஏ ரொம்பக் கொஞ்சமே கிடைக்கும்.

6/ இந்தப் பிழை அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தா, குழந்தை சில மாசத்துலயே வெளுத்துப்போகும். பிறகு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏத்தணும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேலூர் சிஎம்சியில் 1986லேயே தொடங்கிடுச்சு. ஆனா பொருந்துற கொடையாளரும் பணமும் எல்லாருக்கும் அமையுறதில்லை.

7/ ஒரு பிழை மட்டும் உள்ளவங்க நம்மளைப் போல ஆரோக்கியமாத்தான் இருப்பாங்க. லேசான ரத்தசோகை இருக்கலாம். ஆனா அப்படிப்பட்ட ரெண்டு பேர் கல்யாணம் பண்ணினா, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்துல முடிக்கிற நம்ம ஊர்ல இது சின்ன விஷயமில்ல.

8/ ஜாதகத்தோட சேர்த்து, ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் பாருங்க. கல்யாணம் ஆயிடுச்சா? கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே டாக்டர்கிட்ட கேளுங்க. குப்பைன்னு ஒதுக்கின இடத்துலதான் அந்த ஒரு எழுத்து உட்கார்ந்திருக்கு.