முப்பதாண்டுப் போர் (1618–1648)

மதம் போரை உண்டாக்குமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஐரோப்பிய வரலாற்றிலிருந்து முதலில் கூண்டில் ஏற்றப்படும் சாட்சி இந்தப் போர். இன்றைய ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் குடியரசு ஆகியவற்றை உள்ளடக்கியிருந்த புனித ரோமப் பேரரசின் மண்ணில் 1618 முதல் 1648 வரை இது நடந்தது. பேரரசின் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் அழிந்தனர் என்பது ஒரு கணிப்பு. மூன்றில் ஒரு பங்கு என்பாரும் உண்டு. ஆயுதத்தால் மாண்டவர்களைவிடக் கொள்ளைநோயாலும் பசியாலும் மாண்டவர்களே மிகுதி. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே மூண்ட சண்டை, கத்தோலிக்க பிரான்ஸ் கத்தோலிக்க ஸ்பெயினோடு மோதுவதில் போய் நின்றது. அதனால் "எல்லாம் மதத்தால் வந்த வினை" என்போரும், "மதம் வெறும் சாக்கு" என்போரும் இந்த ஒரே சாட்சியை வைத்தே வழக்காடுகிறார்கள்.

பின்னணி

மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்தால் பிளவுபட்ட பேரரசுக்கு 1555இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தன் நாட்டில் கத்தோலிக்கமா லூத்தரனியமா என்பதை ஆள்பவரே முடிவு செய்யலாம்; ஒத்துக்கொள்ளாத குடிகள் சொத்தை விற்றுவிட்டு வேறிடம் போகலாம். மூன்றாவது பிரிவான கால்வினியத்துக்கு இதில் இடம் தரப்படவில்லை. சில ஆண்டுகளிலேயே பாலாட்டினேட் போன்ற பெரிய அரசு கால்வினியத்துக்கு மாறியபோது உடன்பாட்டில் ஓட்டை விழுந்தது.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரிது. ஜெர்மானிய ஆயர்கள் பலர் பூசை செய்யும் குருக்கள் மட்டுமல்லர். வரி வாங்கி, வழக்குத் தீர்த்து, படை வைத்து நாட்டை ஆண்டவர்கள். பேரரசின் மன்றத்தில் அவர்களுக்கு வாக்கும் உண்டு. அப்படி ஒருவர் லூத்தரனாக மாறித் திருமணமும் செய்துகொண்டால் அவர் ஆண்ட நிலம் யாருக்கு? பதவியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றது உடன்பாடு. புராட்டஸ்டண்டுகள் அந்த விதியை ஏற்கவே இல்லை. வடக்கில் ஒவ்வொன்றாக ஆயர் நாடுகள் அவர்கள் கைக்குப் போயின. ஒரு மடம் கைமாறினால் செபம் மாறியது. கூடவே விளைநிலமும் பத்தில் ஒரு பங்கு வரியும் மாறின. இதில் எது மதம், எது சொத்து என்று கோடு கிழித்துக் காட்டச் சொன்னால் அக்காலத்தவர் விழித்திருப்பார்கள். இந்தப் போரைப் பற்றிய பின்னாளைய சர்ச்சைகளில் பாதி, அந்தக் கோட்டை நாம் கிழிக்க முயல்வதால் வருபவை.

1606இல் டோனாவொர்த் என்ற சிறு நகரில் கத்தோலிக்கர் கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். பெரும்பான்மையான லூத்தரன்கள் மறிக்க, கைகலப்பானது. பேரரசர் நகரின் மீது தடை விதித்தார். தடையை நிறைவேற்றப் படையோடு வந்த பவேரிய ஆட்சியாளர் மாக்ஸிமிலியன், படையெடுத்த செலவுக்கு ஊரையே அடகாக எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டுகளில் புராட்டஸ்டண்டுகள் ஒரு கூட்டணியும் (1608) கத்தோலிக்கர் ஒரு கூட்டணியும் (1609) அமைத்தார்கள்.

பிராக் நகரில் ஒரு சன்னல்

பிராக்கைத் தலைநகராகக் கொண்ட பொஹிமியாவின் புராட்டஸ்டண்டுகளுக்கு 1609இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் வழிபாட்டு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அரசருக்கு உரிய நிலத்தில் அவர்கள் கோவில் கட்டலாம். குளோஸ்டர்கிராப், பிரௌனாவ் என்ற இரண்டு ஊர்களில் திருச்சபைக்குச் சொந்தமான நிலத்தில் கட்டினார்கள். திருச்சபை நிலமும் கடைசியில் அரசர் நிலந்தானே என்பது அவர்கள் வாதம். இல்லை என்றது அரசு. ஒரு கோவில் இடிக்கப்பட்டது, மற்றது பூட்டப்பட்டது. முப்பதாண்டுப் போருக்குத் திரி கொளுத்தியது, நிலப்பட்டா யாருடையது என்ற வழக்கு.

1618 மே 23 அன்று ஆத்திரத்தோடு பிராக் கோட்டைக்குள் நுழைந்த பிரபுக்கள், மார்ட்டினிட்ஸ், ஸ்லாவாட்டா என்ற இரண்டு ஆளுநர்களையும் ஃபாப்ரீசியுஸ் என்ற செயலரையும் சன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். ஏறத்தாழ 21 மீட்டர் உயரம். மூவரும் பிழைத்தார்கள். அன்னை மரியா தாங்கிக்கொண்டார் என்றனர் கத்தோலிக்கர். குப்பைமேடு தாங்கிக்கொண்டது என்றனர் புராட்டஸ்டண்டுகள். செயலருக்குப் பின்னாளில் பிரபுப் பட்டம் கிடைத்தபோது அவர் பெயரோடு சேர்க்கப்பட்ட சொல்லுக்கு 'உயர வீழ்ச்சி' என்று பொருள்.

கலகக்காரர்கள் 1619இல் கால்வினியரான பாலாட்டினேட் ஆட்சியாளர் ஃபிரெடரிக்கை அரசராக்கினார்கள். சமயப் பற்றே எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தால் புராட்டஸ்டண்ட் உலகம் அவர் பின்னால் திரண்டிருக்கும். நடந்தது வேறு. மாமனாரான இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் படை அனுப்பவில்லை. புராட்டஸ்டண்ட் கூட்டணி ஒதுங்கிக்கொண்டது. லூத்தரனான சாக்ஸனி ஆட்சியாளர், கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டின் பக்கம் நின்று லுசேஷியா பகுதியைப் பெற்றார். 1620 நவம்பர் 8 அன்று வெள்ளைமலையில் ஃபிரெடரிக்கின் படை தோற்றது. மறு ஆண்டு ஜூன் 21 அன்று பிராக் சதுக்கத்தில் கலகத் தலைவர்கள் 27 பேருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பறிமுதலான பண்ணைகளை, மதிப்புக் குறைத்து அச்சடித்த நாணயத்தைக் கொண்டே சிலர் வாங்கிக் குவித்தார்கள். புராட்டஸ்டண்டாகப் பிறந்து கத்தோலிக்கரான தளபதி வாலன்ஸ்டைன் அவர்களில் ஒருவர்.

இதை மட்டும் பார்த்து, மதம் முகமூடி என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. வெற்றிக்குப் பின் பெர்டினாண்ட் செய்த காரியங்கள் இலாபக் கணக்குக்குள் அடங்காதவை. பொஹிமியாவில் கத்தோலிக்கம் தவிர வேறெதற்கும் இடமில்லாமல் செய்தார். கல்வியாளர் கொமேனியுஸ் உட்படப் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். 1629இல், 1552க்குப் பிறகு புராட்டஸ்டண்டுகள் கைக்கொண்ட திருச்சபைச் சொத்து அனைத்தையும் திருப்பித் தரவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். கையில் வெற்றி இருக்கும்போது, தன் பக்கம் நின்ற லூத்தரன்களையே பகைக்கும் இந்த ஆணையைக் கணக்குப் பார்க்கும் அரசியல்வாதி எழுதமாட்டார். பெர்டினாண்டுக்குப் பாவமன்னிப்பு வழங்கிவந்த இயேசு சபைக் குரு லாமோர்மைனி அதற்குத் துணைநின்றார்.

மாக்டபர்க்

ஆணைக்குப் பணியாத மாக்டபர்க் நகரை 1631 மே 20 அன்று தளபதி டில்லியின் கத்தோலிக்கப் படை உடைத்து நுழைந்தது. நகரம் எரிந்தது. சுமார் 20,000 பேர் மடிந்தார்கள். அந்தப் படையில் பேட்டர் ஹாகன்டோர்ஃப் என்ற கூலிச் சிப்பாய் இருந்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு பெர்லின் நூலகம் ஒன்றில் கிடைத்து 1993இல் அச்சானது. நகருக்குள் நுழைகையில் இரண்டு குண்டுகள் பட்டு அவர் கூடாரத்தில் கிடக்கிறார், பக்கத்தில் நோயுற்ற குழந்தை. காயம் கட்டத் துணியும் தலைக்கு அணையும் தேடி அவர் மனைவி எரியும் நகருக்குள் போகிறார்; ஒரு பெரிய குவளை மதுவோடும் வெள்ளி இடைக்கச்சைகளோடும் திரும்புகிறார். அழகான நகரம் இப்படி எரிந்ததே, அதுவும் தம் சொந்த நாட்டில், என்று ஹாகன்டோர்ஃப் வருந்துகிறார். எந்த மதப் பிரிவுக்காகச் சண்டையிடுகிறோம் என்பது பற்றி அவர் ஏறக்குறைய பேசுவதேயில்லை. பின்பு சுவீடன் படையிடம் பிடிபட்டு அதிலேயே சிப்பாயானார். அடுத்த ஆண்டு பழைய படைக்கே மீண்டார். இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் நடந்த தூரம் 22,000 கிலோமீட்டருக்கு மேல்.

புராட்டஸ்டண்டுகளைக் காக்க வந்தவராகக் கொண்டாடப்பட்ட சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் தாலர் கொடுத்தது கத்தோலிக்க பிரான்ஸ். கொடுக்க வைத்தவர் கர்தினால் ரிஷ்லியூ. ஸ்பெயினும் ஆஸ்திரியாவும் பிரான்ஸைச் சுற்றி வளைத்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. குஸ்தாவ் 1632இல் லுட்ஸன் களத்தில் மாண்டார். 1635இல் பிரான்ஸ் நேரடியாகவே ஸ்பெயின் மீது போர் அறிவித்தது. 1643இல் லூத்தரன் சுவீடன் லூத்தரன் டென்மார்க்கைத் தாக்கியது.

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் கதை தமிழ்க் கரையையும் தொடும். வெள்ளைமலைப் போர் நடந்த அதே நவம்பரில்தான் அவருடைய தூதுக்குழு தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றது. 1625இல் ஜெர்மானியப் போரில் இறங்கித் தோற்ற அவரால் அந்த இடத்தைச் சரிவரக் கவனிக்க முடியவில்லை. பல ஆண்டுகள் தாய்நாட்டுக் கப்பலையே காணாமல் தரங்கம்பாடி காத்துக்கிடந்தது.

விளக்கங்களும் உடன்படிக்கையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்ய வரலாற்றாசிரியர்களுக்கு இது புராட்டஸ்டண்ட் விடுதலைப் போர். 1938இல் எழுதிய சி. வி. வெட்ஜ்வுட்டுக்கு எந்தப் பயனுமற்ற பேரழிவு. 2009இல் பீட்டர் வில்சன், இது முதன்மையாக மதப்போர் அன்று, பேரரசின் அரசமைப்பைப் பற்றிய போர் என்றார். அவர் காட்டும் சான்றுகள் வலுவானவை. ஆனால் அந்த அரசமைப்பில் அவர்கள் சண்டையிட்ட விதிகளில் பெரும்பகுதி மதத்தைப் பற்றியவைதாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1648 அக்டோபர் 24 அன்று கையெழுத்தான வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைகளே இதற்குச் சான்று. முன்ஸ்டரிலும் ஒஸ்னாப்ரூக்கிலுமாக இரண்டு ஊர்களில் பேச்சு நடந்தது; போப்பின் தூதர் ஃபாபியோ கீஜி மதமறுப்பாளர்களோடு பேச மறுத்தார். போப் பத்தாம் இன்னசென்ட் உடன்படிக்கையைக் கண்டித்தார். எவர் கண்டித்தாலும் செல்லாது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். ஒஸ்னாப்ரூக் பத்திரத்தில் சமயப் பகுதி மிக நீளமானது. 1624 ஜனவரி 1 அன்று எந்தக் கோவில் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருக்கட்டும் என்றார்கள். கால்வினியமும் ஏற்கப்பட்டது. பேரரசு மன்றத்தில் சமயம் தொடர்பானவற்றைப் பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்யக்கூடாது, இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும் என்று விதித்தார்கள்.

ஒஸ்னாப்ரூக் ஆயர் நாட்டை யாருக்குக் கொடுப்பது என்பதில் மட்டும் எந்தத் தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கத்தோலிக்க ஆயர், அவருக்குப் பின் பிரன்ஸ்விக்-லூனெபர்க் குடும்பத்து லூத்தரன் ஒருவர், பிறகு மீண்டும் கத்தோலிக்கர் என முறைவைத்து ஆளட்டும் என்று எழுதினார்கள். அந்த ஏற்பாடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1764இல் லூத்தரன் முறை வந்தபோது, அதே குடும்பத்தவரான பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகன் ஃபிரெடரிக் ஒஸ்னாப்ரூக்கின் ஆயரானார். அப்போது அவருக்கு வயது ஆறு மாதம்.