தென்னிந்தியத் திருச்சபையும் சமாதான வாழ்த்தும்

1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒன்றிப்பு முயற்சி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் அதில் இணைந்தனர். இடைப்பட்ட பேச்சுவார்த்தைகளில் பேராயர் பதவியே முதன்மைச் சிக்கலாக இருந்தது. சபையாரைப் பிரித்ததோ சாதி. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை விலக்க ஆணையிட்டபோது, தஞ்சை, வேப்பேரி ஆங்கிலிக்கன் சபையாருள் பலர் வழிபாட்டைவிட்டே விலகினர்.

1950இல் வெளிவந்த திருவிருந்து வழிபாட்டு முறை, சமாதான வாழ்த்தைச் சிரியன் மரபிலிருந்து ஏற்றது. ஆயர் தொடங்கும் அவ்வாழ்த்து ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஆலயம் முழுவதும் செல்லும். தனித்தனி இருக்கை வழக்கிலிருந்த சபைகளில் அருகிலிருப்பவர் கையைப் பற்றுதல் வெறும் சடங்கன்று. உடன்படிக்கையில் எழுதிய ஒருமையை அது திருவிருந்துதோறும் சபையாரிடமே கோரியது. ஆகவே ஒன்றிப்பின் வரலாற்றை இவ்வழிபாட்டு விதியையும் சேர்த்தே எழுதவேண்டும்.