மாமல்லபுரத்துக் கடற்கரையிலே

தென்னாட்டுத் தல யாத்திரை என்றதும் சிதம்பரமும் மதுரையும் இராமேஸ்வரமுமே எமது நினைவுக்கு வருகின்றன. சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் நிற்கும் மாமல்லபுரத்தை உல்லாசப் பயணத்துக்குரிய இடமென்று ஒதுக்கிவிடுகின்றோம். இது தகுமா?

மாமல்லபுரம் பல்லவரின் துறைமுகப் பட்டினம். ‘மாமல்லன்’ என்பது கி. பி. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் விருதுப்பெயர். இலங்கை இளவரசன் மானவர்மன் அவனிடம் அடைக்கலம் புகுந்து, போரிலே அவனுக்குத் துணைநின்றான். பின்னர் பல்லவப் படையுடன் இருமுறை கடல் கடந்து, இரண்டாம் முறையே அரியணையை அடைந்தான் எனச் சூளவம்சம் கூறும். கிரேக்கர், உரோமர் சரித்திரத்தை ஆர்வத்தோடு கற்ற எம்மிற் பலர் இச்செய்தியைக் கேட்டதுமில்லை.

பாறையைச் செதுக்கியெடுத்த ஐந்து இரதங்களும் முற்றுப்பெறாமலே நிற்கின்றன. கரையிலுள்ள கற்றளி, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் எடுப்பித்தது. இரு சிவன் சந்நிதிகளுக்கிடையே திருமால் பள்ளிகொண்டிருக்கின்றார். உப்புக்காற்று சிற்பங்களின் முகங்களைத் தேய்த்துவிட்டது. 1984இல் மாமல்லபுரச் சின்னங்கள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

இக்கற்றளியிலே இன்று நித்திய பூசை இல்லை. மணியோசை கேளாத கோயிலுக்கு ஏன் செல்லவேண்டுமெனப் பெரியோர் சிலர் வினவலாம். அர்ச்சனைத் தட்டு வேண்டியதில்லைத்தான். ஆயினும் எம் சரித்திரத்தின் ஓரேடு அங்கே கல்லிற் கிடக்கின்றது. அலை அதனை முற்றாக அழிக்குமுன், இளைஞராகிய நாம் ஒருமுறையேனும் சென்று படித்து வருவோமாக!