பி.பி.டி முடிச்சிட்டு அமெரிக்கா போகணுமா? முதல்ல எந்த மாநிலம்னு முடிவு பண்ணுங்க!

பி.பி.டி கடைசி வருஷ வகுப்புல போய் நின்னா, 'யு.எஸ் ட்ரை பண்றேன்'னு சொல்ற ஒருத்தராவது இருப்பாங்க. சீனியர் அனுப்பின லிங்க், யூடியூப்ல நாலு வீடியோ, ஒரு கன்சல்டன்சி நம்பர்... தேடல் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்குது. 'எக்ஸாம் கஷ்டமா?'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, 'எந்த மாநிலம்?'னு யோசிங்க. ஏன்னா, அமெரிக்கா முழுமைக்குமான ஒரே லைசென்ஸ்னு ஒண்ணு கிடையாது.

அங்கே 50 மாநிலங்களுக்கும் தனித்தனி சட்டம், தனித்தனி போர்டு. டெக்சாஸ் லைசென்ஸை எடுத்துட்டுப் போய் கலிஃபோர்னியாவுல ஒரு நோயாளியைத் தொட முடியாது. நம்ம ஊர்ல பிசியோதெரபிஸ்ட். அங்கே பிசிக்கல் தெரபிஸ்ட். கலிஃபோர்னியா சட்டம் இந்த ரெண்டு பெயரையுமே பூட்டி வெச்சிருக்கு. லைசென்ஸ் இல்லாம விசிட்டிங் கார்டுல 'பிசியோதெரபிஸ்ட்'னு போட்டாலே சிக்கல்தான்.

எல்லா மாநிலத்துக்கும் பொதுவா இருக்கிறது என்.பி.டி.இ தேர்வு. மாநில போர்டுகளோட கூட்டமைப்பான எஃப்.எஸ்.பி.பி.டி இதை நடத்துது. மதிப்பெண் அளவு 200-லிருந்து 800 வரை. 600 எடுத்தா பாஸ். 12 மாசத்துக்குள்ள 3 தடவை, வாழ்நாள்ல மொத்தம் 6 தடவைதான் எழுதலாம். 400 அல்லது அதுக்குக் கீழே ரெண்டு தடவை வாங்கினா, அதோட கதவு மூடிடும். அதனால, 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்'ங்கிற நம்ம ஊர் பழக்கம் இங்கே ரொம்ப ஆபத்து.

தேர்வுக்கு முன்னாடியே ஒரு பெரிய படி இருக்கு. அமெரிக்காவுல அங்கீகாரம் பெற்ற பிசிக்கல் தெரபி படிப்பு இப்போ டாக்டர் பட்ட அளவுல, அதாவது டி.பி.டி-யா இருக்கு. உங்க பி.பி.டி அதுக்குச் சமமான்னு எஃப்.சி.சி.பி.டி மாதிரியான அமைப்புகள் பாடம் பாடமா, கிரெடிட் கணக்குல எடைபோடும். யாரோட மதிப்பீட்டை ஏத்துக்கிறதுங்கிறது அந்தந்த மாநிலத்தோட முடிவு. அனாட்டமியில தேறிட்டு, மானுடவியல், சமூக அறிவியல் மாதிரி பொதுப் பாடங்கள்ல கிரெடிட் குறையறவங்க நிறைய. அதைத் தனியா எழுதியோ படிச்சோ நிரப்பணும். ஆங்கிலத்துக்கு டோஃபல் வேற. காலேஜை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே மார்க் ஷீட்டோட முழு சிலபஸையும் சீல் போட்டு வாங்கி வெச்சுக்கோங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அதுக்காக ஆபீஸ் ஆபீஸா அலையறது கொடுமை.

இப்போ, வாட்ஸ்அப் குரூப்ல சுத்துற 'ரீகால்' கேள்விகளுக்கு வருவோம். தேர்வு எழுதினவங்க ஞாபகம் வெச்சு வந்து சொல்ற கேள்விகளைத்தான் அப்படிச் சொல்றாங்க. 2010 ஜூலையில எஃப்.எஸ்.பி.பி.டி ஒரு அதிரடி முடிவு எடுத்தது. இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து - இந்த 4 நாடுகள்ல படிச்சவங்க யாருமே தேர்வு எழுத முடியாதுன்னு நிறுத்திவெச்சுட்டாங்க. கேள்விகளைப் பகிர்ந்துக்கிட்டதுதான் காரணம். அப்புறம் இந்த நாட்டுக்காரங்களுக்குன்னே தனித் தேர்வு கொண்டுவந்தாங்க. ஒரு கேள்வியைக்கூடப் பகிராதவங்களும் அதுல மாட்டிக்கிட்டாங்க. இதுல யார் பக்கம் நியாயம்னு பேசிக்கிட்டே இருக்கலாம். ஆனா உங்க போனுக்கு அந்த பி.டி.எஃப் வந்தா, திறக்காம குரூப்பைவிட்டு வெளியே வந்துடுங்க.

சரி, மாநிலத்துக்கு மாநிலம் அப்படி என்ன வித்தியாசம்? டாக்டர் சீட்டு இல்லாம நேரா உங்ககிட்ட வர்ற நோயாளியையே எடுத்துக்கோங்க. கலிஃபோர்னியாவுல 45 நாள் அல்லது 12 முறை, எது முதல்ல வருதோ அதுவரை சிகிச்சை தரலாம். நியூயார்க்ல 10 முறை அல்லது 30 நாள். அதுக்கும் உங்களுக்கு 3 வருஷ அனுபவம் வேணும். டிரை நீடிலிங் பல மாநிலங்கள்ல ஓகே, கலிஃபோர்னியாவுல கூடாது. லைசென்ஸ் வாங்கினதோட முடிஞ்சுதுன்னும் நினைக்காதீங்க. கலிஃபோர்னியாவுல 2 வருஷத்துக்கு 30 மணி நேரம், நியூயார்க்ல 3 வருஷத்துக்கு 36 மணி நேரம் தொடர் கல்வி காட்டினாத்தான் புதுப்பிப்பாங்க. டெக்சாஸ் மாதிரி சில இடங்கள்ல மாநிலச் சட்டத்துக்குன்னே தனித் தேர்வு உண்டு.

ஒரு ஆறுதல், 'பி.டி காம்பேக்ட்'. இதுல சேர்ந்திருக்கிற 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல ஒண்ணுல குடியிருந்து லைசென்ஸும் வெச்சிருந்தா, மத்த உறுப்பு மாநிலங்கள்ல வேலை பார்க்கிற உரிமையைக் கட்டணம் கட்டி வாங்கிக்கலாம்.

லைசென்ஸ் வேற, விசா வேற. விசாவுக்கு ஹெல்த்கேர் வொர்க்கர் சர்ட்டிஃபிகேட்னு தனியா ஒண்ணு வாங்கணும். 'எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்'னு ஏஜென்சி சொன்னா, கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா என்ன கட்டணம், எத்தனை வருஷ பாண்டுனு எழுதி வாங்குங்க. மாநில போர்டு இணையதளத்துல லைசென்ஸ் தேடுற வசதியும் இருக்கு. அங்கே பேரைத் தட்டினா, லைசென்ஸ் உயிரோட இருக்கா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டானு இலவசமா தெரிஞ்சுக்கலாம். உங்களை வேலைக்கு எடுக்கப்போற கிளினிக்ல இருக்கிற தெரபிஸ்ட்டோட பேரையும் ஒருமுறை தட்டிப் பார்த்துடுங்க.