நினைவிலிருந்து நாட்குறிப்புக்கு: சினம் பற்றிய அமெரிக்க உளவியல் ஆய்வுகள் (1899–1982)

முன்னுரை

சினங்கொண்டு அழும் குழந்தையைக் கண்டவுடன் அதன் குணத்தைக் குறைகூறுவது பெரியோர் வழக்கம். ‘பிடிவாதக்காரன்’, ‘முன்கோபி’ முதலிய பெயர்கள் குழந்தையின் இயல்பைச் சுட்டுகின்றனவேயன்றிச் சினம் எழுந்த சூழலைச் சுட்டுவதில்லை. அமெரிக்க உளவியலில் இப்பார்வை மாறியதற்குக் கோட்பாடுகளைக் காட்டிலும் சினத்தைப் பதிவுசெய்யும் முறையில் நேர்ந்த மாற்றமே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நினைவுகளின் தொகுப்பு

கிளார்க் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான ஜி. ஸ்டான்லி ஹால் 1899ஆம் ஆண்டு சினம் குறித்த விரிவான ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். வினாநிரல்வழித் திரட்டப்பட்ட விடைகளே அதன் தரவுகள். சினத்தைத் தூண்டுவன, சினத்தின்போது உடலில் தோன்றும் மாற்றங்கள், சினம் தணிந்தபின் எழும் உணர்வுகள் ஆகியவை அதில் தொகுக்கப்பட்டன. எனினும், விடையளித்தோர் தம் நினைவில் நின்றவற்றையே எழுதினர். நினைவில் தங்குபவை பெருஞ்சினங்கள். நாள்தோறும் எழுந்து விரைவில் அடங்கும் சிறுசினங்கள் இம்முறையில் தப்பிவிடுகின்றன.

ஆய்வகமும் எழுந்த ஐயமும்

ஜான் பி. வாட்சனும் ஜே. ஜே. பி. மார்கனும் 1917இல் நினைவை விடுத்து நேரடி நோக்கலை முன்வைத்தனர். அச்சம், சினம், அன்பு ஆகிய மூன்றுமே பிறவியில் அமைந்த உணர்ச்சிகள் என்றும், குழந்தையின் உடலசைவைத் தடுப்பதே சினத்தின் மூலத் தூண்டல் என்றும் அவர்கள் கருதினர்.

பத்து ஆண்டுகளுக்குப்பின் மேண்டல் ஷெர்மன் இக்கருத்தைச் சோதித்தார். தூண்டலைக் காட்டாமல் பச்சிளங் குழந்தைகளின் எதிர்வினையை மட்டும் காட்டியபோது, அது சினமா, அச்சமா, பசியா என்பதில் பார்வையாளர்கள் ஒன்றுபடவில்லை. குழந்தையின் முகத்தில் கண்டதாகப் பெரியோர் கூறிய உணர்ச்சி, பெரும்பாலும் அவர்கள் அறிந்திருந்த சூழலிலிருந்து உய்த்துணரப்பட்டதே என்பது இதனால் புலனாயிற்று.

தாய்மாரின் நாட்குறிப்பு

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஃபுளோரன்ஸ் குடினஃப் 1931இல் வெளியிட்ட நூல் ஆய்வுக்களத்தை வீட்டுக்கு மாற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சினவெளிப்பாடுகள் பெற்றோரால், பெரும்பாலும் தாய்மாரால், அன்றன்றே குறிக்கப்பட்டன. இவ்வாறு 1,878 நிகழ்வுகள் திரண்டன. ஒவ்வொன்றுக்கும் நேரம், கால அளவு, காரணம், குழந்தையின் செயல், பெற்றோர் கையாண்ட முறை ஆகியவை பதிவாயின.

சினவெளிப்பாடுகள் இரண்டாம் வயதில் உச்சம் பெற்றுப் பின்னர்க் குறைந்தன. கால்களை உதைத்தல், தரையில் புரளுதல் போன்ற இலக்கற்ற வெளிப்பாடுகள் வயது ஏற ஏறத் தணிந்தன; எதிராளியை நோக்கிய செயல்கள் மிகுந்தன. உணவுவேளைக்கு முன்னரும், உறங்கும் நேரத்தை ஒட்டியும், சளி முதலிய சிறுநோய்களின்போதும் சினம் மிகுதியாக எழுந்தது. அதாவது, குணக்கேடு எனப்பட்டதில் ஒரு பகுதி பசியும் களைப்பும் நோயுமே.

இம்முறைக்கும் வரம்பு உண்டு. சினத்தைப் பதிவுசெய்த தாயே பல வேளைகளில் அச்சினத்துக்கு இலக்காகவும் இருந்தார். குழந்தையின் தரப்பு அதில் இடம்பெறவில்லை. ஆயினும், பெற்றோரின் செயலும் அதே தாளில் எழுதப்பட்டதால், குழந்தையின் சினத்தோடு பெரியோரின் நடத்தையும் ஆராயத்தக்கதாயிற்று.

பெரியோரின் அன்றாடச் சினம்

ஜேம்ஸ் அவெரில் 1982இல் வெளியிட்ட நூல் பெரியோரின் அன்றாடச் சினத்தை ஆராய்ந்தது. சினம் பெரும்பாலும் பகைவர்மீதன்றி அன்புக்குரியோர்மீதும் அறிமுகமானோர்மீதும் எழுவதும், அது உடல்தாக்குதலாக முடிவது அரிது என்பதும் அதன்வழி வெளிப்பட்டன. பிறர் செய்தது முறையற்றது அல்லது தவிர்த்திருக்கக்கூடியது என்னும் மதிப்பீடே சினத்துக்கு அடிப்படையாக இருந்தது. பெரியோரின் சினத்துக்குக் காரணம் கேட்கும் வழக்கம் பண்டுதொட்டு உண்டு. குழந்தைக்கு அவ்வுரிமை எளிதில் வழங்கப்படுவதில்லை.

முடிவுரை

சினத்தை நினைவிலிருந்து திரட்டியபோது பெருஞ்சினங்களும், ஆய்வகத்தில் தூண்டியபோது உடல் எதிர்வினைகளும் முதன்மை பெற்றன. நிகழ்ந்த அன்றே குறித்தபோதுதான் அதன் நேரமும் காரணமும் வெளிப்பட்டன. குழந்தையை ‘முன்கோபி’ எனப் பெயரிடுமுன், அது எப்போது உண்டது, எவ்வளவு உறங்கியது, எதிரிலிருந்த பெரியவர் என்ன செய்தார் என்று வினவ வேண்டும் என்பதே 1931ஆம் ஆண்டு நாட்குறிப்புகள் இன்றைய வகுப்பறைக்கும் வீட்டுக்கும் தரும் பாடமாகும்.