ஈர நெல்லும் நமது பொறுப்பும்: காவிரி டெல்டாவில் சேமிப்பு, கொள்முதல், உஷ்ர்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வந்தால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டச் சாலைகளில் நாம் காணும் காட்சி ஒன்றுதான். தார்ப்பாய் போர்த்திய நெல் குவியல், பக்கத்தில் வானத்தைப் பார்த்தபடி ஒரு விவசாயி. மூன்று மாதத்திற்கும் மேலான உழைப்பு இரண்டு நாள் மழையில் முளைவிட்டுவிடும். இது ஏன் நடக்கிறது, மார்க்கம் இதில் நமக்கு என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

மழையில் முடியும் குறுவை

மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. வழக்கமாக ஜூன் 12-இல் அது திறக்கப்பட்டால் குறுவை நடவு தொடங்கும். அறுவடைக் காலத்தின் பிற்பகுதி வடகிழக்குப் பருவமழையோடு மோதும். 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27 போன்ற குறுகிய கால ரகங்களால் விளைச்சல் பெருகியது. கூடவே ஈர நெல்லைக் காப்பாற்றும் கவலையும் பெருகியது.

இதற்காகவே 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. ஈர நெல்லில் சாதாரண உப்பைக் கலந்து, கெடாமல் சில நாட்கள் வைத்திருக்கும் முறையை அங்கே உருவாக்கினார்கள். அந்தக் கூடம்தான் வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற தேசிய நிறுவனமாக இருக்கிறது.

17 சதவீதக் கணக்கு

1972-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் மூலம் நெல்லை வாங்குகிறது. 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்து, குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீண்ட நாள் சேமிக்க வேண்டுமென்றால் அது 14 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும்.

முன்பு கையால் அறுத்து, அரி காயவிட்டு, களத்தில் அடித்துத் தூற்றி, பத்தாயத்திலும் குதிரிலும் சேர்த்தார்கள். இன்று இயந்திரம் ஒரே நாளில் ஊர் முழுவதையும் அறுத்துத் தள்ளுகிறது. எல்லோருடைய நெல்லும் ஒன்றாக ஈரத்தோடு வருகிறது. காயவைக்கக் களம் போதவில்லை. கொள்முதல் ஆன மூட்டைகளும் லாரி வந்து கிடங்குக்கோ அரவை ஆலைக்கோ ஏற்றும்வரை நிலையத்திலேயே தேங்குகின்றன. 2025 அக்டோபரில் இப்படித் தேங்கியபோது, ஈரப்பத வரம்பை 22 சதவீதமாக்கும்படி மாநில அரசு ஒன்றிய அரசைக் கேட்டது. மத்தியக் குழுவினர் வந்து நெல் மாதிரி எடுத்துச் சென்றார்கள். காத்திருக்க வசதியில்லாத குத்தகை விவசாயி, வந்த விலைக்குத் தனியார் வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். வட்டிக் கடன் அவருக்காகக் காத்திருக்காது.

தானியக் குவியலும் நபி (ஸல்) அவர்களும்

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி நமக்குத் தெரியும். கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று உரியவர் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடியைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. நனைந்தது குற்றமில்லை, அதை மறைத்ததே குற்றம். எனவே ஈர நெல்லைக் காய்ந்த நெல்லுக்கு அடியில் மறைப்பது விவசாயிக்கு ஆகாது. எடையில் குறைப்பதும் காத்திருப்பவரின் நெருக்கடியைக் காசாக்குவதும் வாங்குபவருக்கு ஆகாது. இரண்டாவது, உண்மையைச் சொல்லி ஈரத்தை மேலே வைப்பவர் அதனாலேயே நஷ்டப்படும் நிலை இருந்தால், அதைச் சரிசெய்வது சமூகத்தின் கடமை.

யூசுஃப் (அலை) அவர்கள் பஞ்ச காலத்துக்காகத் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னதைத் திருக்குர்ஆன் 12:47 கூறுகிறது. மக்களுக்காகச் சேமிப்பது வேறு, விலையேற்றத்துக்காகப் பதுக்குவது வேறு.

உஷ்ர் கொடுக்கிறோமா?

அறுவடையில் ஏழைக்கு உரிமை உண்டு என்பது 6:141 தரும் கட்டளை. மழையிலோ செலவின்றிப் பாயும் நீரிலோ விளைந்தால் பத்தில் ஒன்று. மோட்டார் வைத்து இறைத்தால் இருபதில் ஒன்று. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து வஸக், அதாவது 300 ஸாவு, நிஸாப். உமியோடு சேமிக்கும் நெல்லுக்கு அது பத்து வஸக். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் நிஸாப் நிபந்தனையே இல்லை. ஆற்று நீரும் மோட்டார் நீரும் கலந்து பாய்ந்த வயலுக்கும் குத்தகை நிலத்துக்கும் சட்டம் மத்ஹபுக்கு மத்ஹப் மாறும். உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

டெல்டாவில் பல ஜமாஅத்துகளிடம் மண்டபமும் சிமென்ட் தளம் போட்ட திறந்த இடமும் இருக்கின்றன. மழைக்கு முந்தைய வெயில் நாட்களில் அவற்றைக் காயவைக்கும் களமாகத் திறந்துவிடலாம். பைத்துல்மாலில் இருந்து தார்ப்பாய்கள் வாங்கி வைத்து இரவல் தரலாம். பணம் கைக்கு வரும்வரை தாங்க, வட்டியில்லாக் கடன் தரலாம். இதில் முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் என்ற பேதம் வேண்டாம். நாம் உண்ணும் சோற்றை விளைவிப்பவர் நம் அண்டை வீட்டார்.

அடுத்த குறுவை வருவதற்குள் உங்கள் ஊர் நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அல்லாஹ் நம் விளைச்சலில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.