நாணயமும் நாணயத்தாளும்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் வழக்கிலே இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. முன்னது பின்னதைச் சார்ந்தே நிற்கும் என்பதைக் கொழும்பு நகரம் 1884ஆம் ஆண்டிலே கண்கூடாகக் கண்டது.

அக்காலத்திலே இலங்கையிற் புழங்கிய நோட்டுகளை வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுள் முதன்மையானது ஓரியண்டல் வங்கி. கோப்பித் தோட்டங்களுக்கு அது பெருந்தொகை கடன் கொடுத்திருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை ஆண்டுதோறும் அரித்தது. தோட்டங்கள் அழியவே, கடனும் திரும்பாதாயிற்று. 1884 மே 3ஆம் நாள் வங்கி கொடுப்பனவை நிறுத்தியது. நேற்றுவரை பணமாயிருந்த தாள் இன்று வெறுந்தாளாகுமோ என்ற அச்சம் எழுந்தது.

அவ்வேளையிலே தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், அந்நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என அறிவித்தார். கலக்கம் தணிந்தது. வங்கியின் சொத்து அதனால் ஒரு சதமும் பெருகவில்லை, பெருகியது நம்பிக்கையே. ஆயினும் அது வெறுஞ்சொல் அன்று. அதன் பின்னே திறைசேரி நின்றது. அவ்வாண்டிலேயே நாணயத்தாட் கட்டளைச்சட்டம் பிறந்தது. 1885 தொடக்கம் நோட்டு வெளியிடுவது அரசாங்கத்தின் கடனாயிற்று. வங்கியின் பங்குதாரருக்கோ இத்தகைய காப்பு வாய்க்கவில்லை. அதே பெயர் தாங்கி எழுந்த புதிய ஓரியண்டல் வங்கியும் 1892இல் வீழ்ந்தது. பழம்பெயர் மட்டும் முதலாகாது என்பது தெளிவாயிற்று.

கோப்பி அழிந்த நிலத்திலே தேயிலை தழைத்தது. தோட்டக் கம்பனிகளுக்கு முதல் தேவைப்பட்டது. 1896இல் கொழும்பிலே பங்குத் தரகர் சங்கம் தோன்றி, அவற்றின் பங்குகளை விற்று வாங்கத் தொடங்கியது. அதன் வழிவந்ததே 1985இல் அமைந்து, 1990இல் கொழும்புப் பங்குச் சந்தை எனப் பெயர் பெற்ற நிலையம்.

தோட்டத்தைக் கண்ணாற் காணாத ஒருவர் அதன் பங்கை எதனை நம்பி வாங்குகிறார்? கம்பனி தரும் கணக்கை நம்பியே. மூடிய பானைக்கு விலை கேட்பவன் குறைத்துத்தான் கேட்பான். உள்ளிருப்பதைக் காட்டினால், அந்தக் குறைப்புக்கு இடமில்லை. பங்கின் விலை நியாயமாக நின்றால், கம்பனி சில பங்குகளை விற்றே வேண்டிய முதலைத் திரட்டலாம். பழைய பங்குதாரரின் உரிமையும் அதிகம் தேயாது. முதலீட்டாளரோடு தொடர்பு பேணுவதற்கென இன்று கம்பனிகள் தனி அலுவலர்களை அமர்த்துவதன் கருத்து இதுவே.

ஆனால், இலாபம் கண்டபோது முரசறைந்து, நட்டம் கண்டபோது வாய்மூடுவது தொடர்பாகாது. வெள்ளவத்தையிலே ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்துப் பங்கு வாங்கியவரும், கொட்டாஞ்சேனையிலே சிறுகடை வருவாயை முதலிட்டவரும் முதலில் அறியவேண்டியது நட்டத்தையே. நட்டத்தையும் மறையாது சொன்ன கம்பனி, மறுமுறை இலாபம் என்று சொல்லும்போது ஊர் நம்பும். இலையிலே புள்ளி கண்டபோதே சொல்லவேண்டும். கதவடைத்த பின் சொல்வதாற் பயனில்லை.